கொக்கு ஏன் விசில் ஊதவில்லை?

அல்லிக்குளத்து மேலக்கரை மிருகங்களுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நடுவரைத் திட்டுவது!

காட்டுக்கு நடுவில் இருக்கிறது அந்தக் குளம். மழைக்காலத்தில் கடல் மாதிரி கிடக்கும். கோடை வந்துவிட்டால் வற்றிப்போய், வடக்கு மூலையில் ஒரு ஆழமான மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் ஒரு கரைக்காரர்களுக்குத்தான் காணும். இரண்டு கரைக்கும் காணாது. அதனால் மாசி மாதக் கடைசியில் மேலக்கரைக்கும் கீழக்கரைக்கும் ஒரு கால்பந்து ஆட்டம் வைப்பார்கள். ஜெயித்தவர்களுக்கு மடு. தோற்றவர்கள் கோடை முழுக்க ஆற்றுக்கு நடக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் சிறுத்தை படுத்திருக்கும். ஆக, இது பொழுதுபோகாமல் ஆடுகிற ஆட்டம் இல்லை, பிழைப்பு. இதையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மேலக்கரைக்காரர்களுக்கு இது கடைசிவரை உறைக்கவில்லை.

மேலக்கரை அணிக்குத் தலைவர் கொம்பையா என்கிற கீரி. கோல்கீப்பர் சங்கிலி என்கிற உடும்பு. பிடித்தால் விடாது, அவ்வளவு நல்ல பிடி. முன்னால் ஓடி கோல் போட பிச்சுமணி என்கிற முயல். பின்னால் நின்று தடுக்க அல்லி என்கிற புள்ளிமான். ஆளாளுக்குத் திறமைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் மூன்று வருஷமாகத் தோல்வி!

போன வருஷம் நடுவராக இருந்தது ஆந்தை. பட்டப்பகலில் ஆந்தையை நடுவராக நிறுத்தினால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. கீழக்கரைத் தலைவர் காட்டுப்பன்றி, கீரியைத் தட்டிவிட்டது. கீரி விழுந்தது. ஆனால் பந்து நழுவி முயலின் காலுக்குப் போய்விட்டது. முயலுக்கு முன்னால் காலி கோல்! முயல் உதைக்கப் போகிற நேரம் பார்த்து ஆந்தை விசில் ஊதி, "ஃபவுல்! ஆட்டத்தை நிறுத்து!" என்றது.

வந்த கோல் போச்சு. ஆந்தை செய்தது தப்புதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் மேலக்கரை தோற்றது நாலுக்கு ஒன்று என்ற கணக்கில்! அந்தக் கோலைச் சேர்த்தாலும் நாலுக்கு இரண்டுதானே ஐயா!

இதை அவர்களிடம் யார் சொல்வது?

அந்தத் தோல்வி மற்றவர்களுக்குக் கால்வலியோடு போயிற்று. புள்ளிமான் கொடுத்த விலை வேறு. போன கோடையில் ஆற்றுக்கு நடந்த வழியில்தான் அதன் தலைச்சன் குட்டியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது.

அன்றைக்குக் கீரி ஆறுதல் சொல்ல வந்தது. என்ன சொன்னது தெரியுமா?

"எல்லாத்துக்கும் அந்த ஆந்தைதான் காரணம், தங்கச்சி!"

இப்போது மானுக்கு இன்னொரு குட்டி பிறந்திருந்தது. பிறவியிலேயே அதன் கால்களுக்கு வலு இல்லை. ஆறு வரை நடக்கவைத்தால் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். இந்த வருஷம் மடு கிடைத்தே ஆக வேண்டும்.

"அண்ணே, இப்பவே பயிற்சியை ஆரம்பிப்போமா? பெனால்டி உதைக்கவே நமக்கு வரமாட்டேங்குது" என்று மான் கேட்டது.

"பயிற்சியா? முதல்ல நியாயம் கிடைக்கட்டும்! பந்து எங்க ஓடிப் போகுது?" என்றது கீரி.

அன்று தொடங்கி மேலக்கரையில் தினம் சாயங்காலம் நாவல் மரத்தடியில் நியாயக் கூட்டம் நடந்தது. சும்மா பேச்சு இல்லை, நடித்தே காட்டுவார்கள். கீரி ஓடிவரும், தடுக்கி விழும். உடனே மொத்தக் கூட்டமும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, "அநியாயம்! அநியாயம்!" என்று கத்தும். முதலில் ஆளுக்கு ஒரு நேரத்தில் தூக்கினார்கள். கீரிக்குப் பிடிக்கவில்லை.

"ஏய் சங்கிலி! நீ லேட்டா தூக்குற! நான் தரையைத் தொட்ட உடனே தூக்கணும்! எங்க, இன்னொரு தடவை!"

மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கினார்கள். மாதக்கணக்கில் இதே கூத்து! கடைசியில் அத்தனை கால்களும் ஒரே நொடியில் மேலே போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த உழைப்பில் பாதியைப் பந்தின் மேல் காட்டியிருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்?

எதிரே கீழக்கரையில் காலையும் மாலையும் 'தொம் தொம்' என்று பந்து உதைக்கிற சத்தம் கேட்கும். அவர்களுக்கும் ஆந்தை தப்புத் தப்பாகத் தீர்ப்பு சொல்லித்தான் இருந்தது. "சரி விடுங்கப்பா, அடுத்த பந்தைப் பாருங்க" என்று காட்டுப்பன்றி சொல்லிவிடும். அதோடு முடிந்தது.

மேலக்கரையின் கூச்சல் தாங்க முடியாமல் காட்டுச் சபை கடைசியில் இறங்கி வந்தது. "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டது.

கீரி நெஞ்சை நிமிர்த்தியது. "ஆந்தை போகணும்! பார்வை நல்லா இருக்கிற கொக்கு நடுவரா வரணும்! இன்னொண்ணு. எங்களைத் தட்டிவிட்டாலும், பந்து எங்க ஆள் காலுக்கே வந்துட்டா, விசில் ஊதி எங்க கோலைக் கெடுக்கக் கூடாது. ஆட்டத்தை ஓட விடணும்!"

"நியாயமான கோரிக்கை" என்றது சபை. புது விதி வந்தது. கொக்கும் வந்தது.

ஆட்டத்தன்று காலையில் கொக்கு இரண்டு அணியையும் நிறுத்தி விளக்கிச் சொன்னது. "நல்லா கேட்டுக்கங்க. விழுந்தவங்க அணிக்கே பந்து போயிட்டா நான் விசில் ஊதமாட்டேன். ரெண்டு ரெக்கையையும் விரிப்பேன். விரிச்சா, 'நிக்காதே, ஆடு'ன்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

கீழக்கரை தலையாட்டியது. மேலக்கரையில் மான் மட்டும் தலையாட்டியது. கீரி, "கொக்கு இன்னிக்கு என்ன தப்பு பண்ணப் போகுதோ! எல்லாரும் உஷாரா இருங்க!" என்று முயலின் காதில் ஓதிக்கொண்டிருந்தது. தான் கேட்டு வாங்கின விதியைத் தானே காதில் வாங்கவில்லை!

அதிர்ஷ்டம் இல்லை, அதிர்ஷ்டம் இல்லை என்று மூன்று வருஷமாகப் புலம்பினார்களே, அன்றைக்கு அதிர்ஷ்டமும் அவர்கள் பக்கம்தான் நின்றது. ஆலிலையைச் சுண்டிப் போட்ட டாஸில் மேலக்கரை ஜெயித்தது. வெயில் எதிரணியின் கண்ணில் அடித்தது. காற்றும் மேலக்கரைக்குச் சாதகமாக வீசியது. காட்டுப்பன்றி உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. உடும்பு அசையக்கூட இல்லை.

அப்புறம் கோலுக்கு முன்னால் நின்ற கீழக்கரைக் கரடி பந்தைக் கையால் தொட்டுவிட்டது. கொக்கு கண்டுபிடித்துவிட்டது. "மேலக்கரைக்குப் பெனால்டி!"

மான் முன்னால் வந்தது. "அண்ணே, முயல் உதைக்கட்டும்."

"தலைவன் நான் எதுக்கு இருக்கேன்?" என்று கீரி பந்தை வாங்கிக்கொண்டது. ஓடி வந்து ஓங்கி ஒரு உதை! பந்து கோலுக்கு மேலே பறந்து குளத்துச் சேற்றில் போய் விழுந்தது.

"பந்து கோணல்!" என்று கீரி கத்தியது.

வருஷம் முழுக்கப் பந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவருக்கு எந்தப் பந்தும் கோணலாகத்தான் இருக்கும். போகட்டும்.

ஆட்டம் முடிகிற நேரம் நெருங்கியது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கரையோரம் மான்குட்டி கால் தடுமாறி நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மானுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் ஓடி ஓடித் தடுத்தது.

அப்போதுதான் அது நடந்தது. நடுத்திடலில் கீரி பந்தோடு ஓடியது. காட்டுப்பன்றி குறுக்கே வந்து தட்டிவிட்டது. கீரி விழுந்தது. பந்து நழுவி உருண்டது. எங்கே போனது? நேராக முயலின் காலுக்கு! கீழக்கரைக் கோலைக் காத்து நின்ற குரங்கு அவசரப்பட்டு முன்னால் ஓடி வந்திருந்தது. முயலுக்கு முன்னால் காலி கோல்! போன வருஷம் நடந்தது அச்சு அசலாக மறுபடி நடந்தது!

கொக்கு எல்லாவற்றையும் பார்த்தது. இந்தத் தடவை விசில் ஊதவில்லை. இரண்டு சிறகையும் அகல விரித்தது. 'ஆடு!'

கீரி தரையைத் தொட்டது. தொட்ட அதே நொடியில் மேலக்கரையின் அத்தனை முன்னங்கால்களும் மேலே போயின.

"அநியாயம்! அநியாயம்!"

முயலும் திரும்பி நின்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டது! பந்து அதன் பின்னால் சும்மா கிடந்தது. உடும்போ கோலை அப்படியே போட்டுவிட்டு, "ஏன் விசில் ஊதலை? குருடா நீ?" என்று நடுத்திடலுக்கே ஓடி வந்துவிட்டது. எனக்குச் சொல்லவே வயிறு எரிகிறது!

"பிச்சுமணி! பந்து உன்கிட்ட இருக்குடா! உதை! உதைடா!" என்று மான் தொண்டை கிழியக் கத்தியது.

முயலுக்கு அது காதில் விழவில்லை. மொத்தக் கூட்டத்தின் கூச்சலில் அந்த ஒரு குரல் எங்கே கேட்கும்?

குரங்கு திரும்பி ஓடிவந்து பந்தை எடுத்து நீளமாக உதைத்தது. காட்டுப்பன்றி அதை வாங்கிக்கொண்டு மேலக்கரைக் கோலை நோக்கி ஓடியது. தடுக்க ஓடியது மான் ஒன்றுதான். பாதித் திடலைத் தாண்டி, பாய்ந்து, காலை நீட்டியது. எட்டவில்லை. ஆளில்லாத கோலுக்குள் பந்து மெதுவாக உருண்டு போனது.

இப்போது கொக்கு விசில் ஊதியது. "கோல்! ஆட்டம் முடிந்தது! மடு கீழக்கரைக்கு!"

கீரி பாய்ந்து வந்தது. "என்னைத் தட்டிவிட்டதை நீ பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அது ஃபவுலா இல்லையா?"

"ஃபவுல்தான்."

"பின்னே ஏன் விசில் ஊதலை?"

கொக்கு ஒரு காலை மாற்றி நின்றது. "உங்க முயல் முன்னாடி காலி கோல் இருந்துச்சு. நான் ஊதியிருந்தா உங்க கோல் போயிருக்கும். நீங்க கேட்டு வாங்கின விதிதானே? உங்களுக்காகத்தான்யா ஊதாம நின்னேன்!"

முயல் திரும்பி, பந்து கிடந்த இடத்தைப் பார்த்தது. அதன் காதுகள் தொங்கிவிட்டன. இப்போதாவது கீரிக்கு உறைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்!" என்றது கீரி. "சிறகை விரிச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்? இது அநியாயம்! சாயங்காலம் எல்லாரும் நாவல் மரத்தடிக்கு வந்துடுங்க!"

கொக்கு தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாமல் பறந்து போய்விட்டது.

பங்குனி வெயில் ஏறியது. குளம் வற்றியது. ஒரு நாள் சாயங்காலம் மான் தன் குட்டியை முன்னால் விட்டு, பின்னால் காதை விறைத்துக்கொண்டு ஆற்றுப் பாதையில் நடந்தது. அந்தப் பாதை நாவல் மரத்தை ஒட்டித்தான் போகிறது. மரத்தடியில் கீரி ஓடிவந்து விழுந்தது. அத்தனை முன்னங்கால்களும் மேலே போயின. முயலின் காலும் பாதி எழுந்தது. மானையும் குட்டியையும் பார்த்ததும் அப்படியே இறங்கிவிட்டது.

குட்டி நின்று வேடிக்கை பார்த்தது. "அம்மா, அவங்கல்லாம் ஏன் காலை மேலே தூக்கிட்டு நிக்கிறாங்க?"

"கீழே வெச்சா ஓடணுமே, அதான்" என்றது மான்.

முயல் கூட்டத்தை விட்டு எழுந்து வந்தது. மானின் முகத்தைப் பார்க்க அதற்குத் தைரியம் இல்லை. "அக்கா, நான் முன்னாடி போய் சிறுத்தை இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புதருக்குள் ஓடியது.

"இப்ப நல்லா ஓடுறே" என்றது மான். குட்டி இரண்டடி நடப்பதும் உட்காருவதுமாக இருந்தது. ஆறு இன்னும் வெகுதூரம் இருந்தது.

நடுவரின் தப்பும் கெட்ட நேரமும் ஒரு கோலைத்தான் பறிக்கும். எப்போதும் அதையே சொல்லிப் புலம்புகிறவன், தன் காலடிக்கு வந்து நிற்கிற கோலையும் தானே விட்டுவிடுவான்.