குடிக்க மாட்டேன்னு நின்ன மரச்சாமி

ஒரு ஊர்ல ஒரு மரச்சாமி, ஒயின் குடிக்க மாட்டேன்னு அடமா நிக்குது. ஊரே அது முன்னாடி கூடியிருக்கு. அனாத்தோல்னு ஒரு பெரிய மீசைக்காரர், வெள்ளிக் கோப்பைக்குள்ள மூக்கை விட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துட்டு, "ஒரு சொட்டுகூட இறங்கலை"ங்கிறார். வீட்டுக்காரி ஒதில் எட்டி எட்டிக் கோப்பையையே பார்க்கிறா.

ம் சொல்லு. ம் இல்லேன்னா கதை அங்கேயே நின்னுரும்.

ம்.

எந்த ஊருன்னா, பிரான்ஸ் தேசத்துல, மேடெல்லாம் திராட்சைத் தோட்டமா இருக்கிற ஒரு சின்ன ஊரு. பழம் பழுத்ததும் பெரிய தொட்டியில கொட்டி, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு சளக் பொளக்னு மிதிப்பாங்க. அந்தச் சாறு ரெண்டு வாரம் குபுகுபுன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கும். அப்புறம் பீப்பாய்ல ஊத்தினா அடங்கிப் படுத்துக்கும். உன்னை மாதிரி புரண்டுக்கிட்டே இருக்காது.

அந்தத் திராட்சைக்காரங்களுக்கு ஒரு சாமி, வேன்சான் சாமி. பேரிக்காய் மரத்துல செஞ்சது, முழங்கை உயரம். வருஷத்துக்கு ஒரு வீட்ல போய்த் தங்கும். தை மாசக் குளிர்ல ஒரு ஞாயித்துக்கிழமை அதுக்குத் திருநாள். அன்னைக்கு வீட்டுக்காரங்க தங்களோட புது ஒயினைக் கோப்பையில ஊத்தி அது முன்னாடி வெச்சுட்டு, எல்லாரையும் கோயிலுக்கு அனுப்பிட்டு, கடைசியா கதவைப் பூட்டிக்கிட்டுப் பூசைக்கு வரணும். திரும்பிப் போய்ப் பார்த்தா கோப்பையில ஒயின் இறங்கியிருக்கும். சாமி குடிச்சாச்சு! உடனே இரும்பைக் காய்ச்சி, அந்த வீட்டுப் பீப்பாய் மேல ஸ்ஸ்ஸ்னு ஊர் முத்திரை வெச்சிருவாங்க. குடிக்கலேன்னா அடுத்தடுத்து மூணு ஞாயிறு வரைக்கும் பார்ப்பாங்க. மூணுலயும் குடிக்கலேன்னா முத்திரை கிடையாது. முத்திரை இல்லாத ஒயினை ஊறுகாய் போடக்கூட ஒருத்தரும் வாங்க மாட்டாங்க.

மரச்சாமி எப்படிக் குடிக்கும்?

அதை அந்த ஊர்ல யாரும் கேட்டதில்லை, நீயும் கேக்காதே. முப்பத்தேழு வருஷமா முப்பத்தேழு வீட்லயும் குடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு, முறை வந்த வீட்டுக்காரங்க மட்டும் பூசைக்குப் பாதிப் பிரசங்கத்துலதான் வந்து சேருவாங்க. கேட்டா, "பூட்டு இறுகிக்கிச்சு"ம்பாங்க. முப்பத்தேழு பேருக்கும் பூட்டு இறுகியிருக்கு.

இந்த வருஷம் முறை ஒதில் வீட்டுக்கு. அவ வெளியூர்க்காரி. வடக்கே, ஆப்பிள் சாறு குடிக்கிற சீமையிலேருந்து வாக்கப்பட்டு வந்தவ. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒத்தையா கொடியைக் கத்தரிச்சு, ஒத்தையா மிதிச்சு, முதல் தடவையா தானே போட்ட ஒயின் அது. முத்திரை விழலேன்னா தோட்டத்தை விட்டுட்டு அம்மா வீட்டு ஆப்பிள் மரத்தடிக்கே திரும்பணும். அதான் இந்த முதல் ஞாயிறு அப்படி எட்டி எட்டிப் பார்க்கிறா.

"ஆப்பிள்காரி கைன்னு சாமிக்குத் தெரியாமலா போகும்?"னார் அனாத்தோல்.

"நீங்க சும்மா இருங்க"ன்னா அவர் பொண்டாட்டி ஜெர்மேன்.

அப்போ ஒதில் யோசிச்சா. பாவம், சாமிக்குக் குளிரோ என்னமோ! ரெண்டாவது ஞாயிறு மேட்டுத் தோட்டத்துப் பீப்பாய்லேருந்து, இருக்கிறதுலயே நல்ல ஒயினா பார்த்து ஊத்தினா. தன்னோட சால்வையைச் சாமிக்குச் சுத்திவிட்டா. அடுப்புல விறகைப் போட்டுக் குபீர்னு தீயை மூட்டினா. கதவைப் பூட்டிக்கிட்டு ஓட்டமா ஓடி, எல்லாருக்கும் முன்னாடி முதல் பெஞ்சுல உட்கார்ந்துட்டா.

பூசை முடிஞ்சுது. ஊரே வந்துச்சு. அனாத்தோல் மூக்கை விட்டார். ஒரு கண்ணை மூடினார், அப்புறம் அதைத் திறந்துட்டு இன்னொண்ணை மூடினார்.

"ஏறியிருக்கு!"

"என்னது ஏறியிருக்கு?"

"ஒயின்! போகும்போது இருந்ததைவிட அரை விரல்கடை ஏறியிருக்கு. சாமி குடிக்காதது மட்டுமில்லை, துப்பியும் வெச்சிருக்கு!"

ஒதில் அப்படியே தலையில கைய வெச்சுக்கிட்டு மேலே பார்த்தா. சொட். மூக்கு மேல ஒண்ணு விழுந்துச்சு. சொட். இவ போட்ட தீயில கூரைப் பனி உருகி ஒழுகுது. "ஐயோ, இது கூரைத் தண்ணி"ன்னு கத்தினா. யாரு கேக்குறாங்க? "துப்பிருச்சாம், துப்பிருச்சாம்"னு தெரு முனை வரைக்கும் போயிருச்சு.

தூங்கிட்டியா?

ம்... இல்லை.

அப்புறம் மூணாவது ஞாயிறு. ஒதில் கோப்பையில ஒயினை ஊத்தி வெச்சா. எல்லாரும் கோயிலுக்குப் போயாச்சு. சாவியைக் கையில எடுத்தவளுக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துருச்சு. திரும்பி வந்து இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நின்னா.

"ஏய்யா, உனக்கு மனசாட்சி இருக்கா? அனாத்தோல் வீட்ல குடிச்சே. அவர் ஒயின் பூட்ஸு ஊறவெச்ச தண்ணி மாதிரி இருக்கும், அதைக் குடிச்சே! என் வீட்ல என்ன குறை? கால் கழுவாமலா மிதிச்சேன்? புழு விழுந்த பழத்தையா போட்டேன்? ஒவ்வொரு பழமா பார்த்துப் பொறுக்கினேனே!"

கோயில்ல மணி அடிக்குது, டாங் டாங். இவ நிறுத்தலை. சின்ன வயசுலேருந்து யார் யார் தனக்கு என்னென்ன செஞ்சாங்கன்னு எல்லாத்தையும் சாமிகிட்டயே கேட்டா. தொண்டை வறண்டு போச்சு. கைக்கு எட்டினதை எடுத்து மடக் மடக்னு குடிச்சுட்டு, வாயைத் துடைச்சு, இன்னும் நாலு வார்த்தை திட்டிட்டு, அப்புறம்தான் கையில இருக்கிறதைப் பார்த்தா.

வெள்ளிக் கோப்பை! காலி!

ஓட்டமா ஓடினா. பாதிப் பிரசங்கம் ஆயிருச்சு. பாதிரியார் நிறுத்திட்டு, மெதுவா, "பூட்டு இறுகிக்கிச்சாம்மா?"ன்னார். ஒதில் இல்லேன்னு தலையாட்டினா.

அப்புறம் ஊரே வந்துச்சு. அனாத்தோல் மூக்கை விட்டார். "சாமி குடிச்சுருச்சு!"ன்னு கத்தினார். எல்லாரும் தொப்பியைத் தூக்கி வீசுறாங்க. ஒருத்தர் இரும்பைக் காய்ச்சவே போயிட்டார்.

அப்போ ஒதில் சொன்னா: "சாமி குடிக்கலை. நான்தான் குடிச்சேன்."

மேலே போன தொப்பியெல்லாம் தொப்பு தொப்புன்னு கீழே விழுந்துச்சு.

"சாமி கோப்பையில மனுஷி வாய் வைக்கிறதா!" அனாத்தோலுக்கு மீசை துடிக்குது. "முப்பத்தேழு வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தராவது..."

பாதியில நிறுத்திட்டுக் குனிஞ்சு தன் பூட்ஸைப் பார்த்தார். பக்கத்துல நின்னவரும் தன் பூட்ஸைப் பார்த்தார். அதுக்குப் பக்கத்துல நின்னவரும் பூட்ஸைப் பார்த்தார். ஒதில் ஒவ்வொரு முகமா பார்த்தா. ஒரு கண்ணும் நிமிரலை. அத்தனை பூட்டும் ஏன் இறுகிச்சுன்னு அவளுக்கு அப்போதான் விளங்குச்சு. போய்க் கோப்பையில மறுபடியும் நிறைய ஊத்தி, சாமி முன்னாடி வெச்சா.

பாதிரியார் தொண்டையைக் கனைச்சார். "ஜன்னலுக்கு வெளியே பனி விழுது பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு!"

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினாங்க. ஒதிலும் திரும்பினா. வெளியே பனியும் இல்லை, ஒண்ணும் இல்லை, பளீர்னு வெயில் அடிக்குது. முதுகுக்குப் பின்னாடி மடக், மடக், மடக்.

திரும்பிப் பார்த்தா கோப்பை காலி.

"சாமிக்குப் பிடிச்சுதாமா?"ன்னு ஒதில் பொதுவா கேட்டா.

"பிடிக்காம என்ன?"ன்னார் அனாத்தோல். "முதல்ல லேசா ஒரு துவர்ப்பு. அப்புறம் செர்ரிப் பழ வாசம். தொண்டையில இறங்கும்போது பாரு, அப்படியே ஒரு..." சட்டுனு வாயை மூடிக்கிட்டார். "இருக்கும்னு நினைக்கிறேன்"னார்.

காய்ச்சின இரும்பு வந்துச்சு. ஒதிலோட பீப்பாய் மேல ஸ்ஸ்ஸ்னு முத்திரை விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டும்போது, ஜெர்மேன் தன் சால்வை முனையால புருஷன் மீசையில தொங்கின சிவப்புச் சொட்டைத் துடைச்சுவிட்டா.

கோப்பையும் காலி, கதையும் காலி. கண்ணை மூடு.