கடற்கரைக் கதவு

கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தெய்வநாயகம், சாகச விளையாட்டுகளுக்குப் புதிர் அமைக்கக் கற்றுக்கொள்ள அன்புக்கரசியிடம் சேர்ந்தார். கோவையில் அவள் ஒரு சின்ன கேம் கம்பெனி நடத்திவந்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் முதல் நாளே அவளை “டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவர் அமைத்த முதல் புதிர் ஒரு குகைக் கதவு. அதிலிருக்கும் சின்னங்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் திறக்கும். ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் எண். எண்களுக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்குள் இன்னொரு கணக்கு.

ஆபீசில் ஒருவராலும் திறக்க முடியவில்லை. வரவேற்பில் இருக்கும் மும்தாஜ் மட்டும் மதிய இடைவேளையெல்லாம் விடாமல் முயன்றாள். கடைசியில் மவுஸைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு மூளை இல்லைன்னு நேராவே சொல்லியிருக்கலாம் சார்” என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அவருக்குச் சங்கடமாக இருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

“யாராலயும் திறக்க முடியலை. அப்ப நல்ல புதிர்தானே, டீச்சர்?”

அன்புக்கரசி தன்னுடைய புதிர் ஒன்றைத் திரையில் வரவழைத்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அந்தி நேரக் கடற்கரை. பாறையில் ஒரு கதவு. அதன்மேல் நிறையச் சின்னங்கள்: மீன், சங்கு, நண்டு, விளக்கு, நிலா, படகு, இன்னும் என்னென்னவோ. நான்கை வரிசையாக அழுத்த வேண்டும்.

தெய்வநாயகம் காகிதம் எடுத்தார். சின்னங்களை எண்ணினார், எண்களாக மாற்றினார், கூட்டினார், வகுத்தார். கதவு அசையவில்லை. மும்தாஜுக்கு வந்த கோபம் அவருக்கும் வந்தது.

அலுத்துப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

திரையில் மெல்ல நிலா எழுந்தது. தண்ணீர் ஏறியது. மணலில் சாய்ந்து கிடந்த படகு மிதந்தது. ஒரு நண்டு அவசரமாகப் பாறைமேல் ஏறியது. தூரத்துக் குடிசையில் யாரோ விளக்கேற்றினார்கள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலா, படகு, நண்டு, விளக்கு.

கதவு திறந்தது.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா சார். நீங்களேதான் கண்டுபிடிச்சீங்க” என்றாள் அன்புக்கரசி.

அவர் உட்கார்ந்தார்.

“நீங்க எதையும் ஒளிச்சு வைக்கவே இல்லையே, டீச்சர். பதிலைக் கண்ணெதிர்லயே வெச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்குப் பூட்டு?”

“கதவு சும்மா திறந்து கிடந்திருந்தா, நிலா வர்றதை நின்னு பார்த்திருப்பீங்களா சார்?”