பலகையில் எழுத ஒரு பெயர்

குரு என்றால் நரைத்த தாடி, சீடர் என்றால் மீசை அரும்பாத பிள்ளை என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த நம்பிக்கைக்குக் காலண்டர் படங்களைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதையின் சீடர் தெய்வானைக்கு ஐம்பத்தெட்டு வயது. குரு அமிர்தலிங்கர் அவளைவிட மிகவும் இளையவர். தாடி வளர்த்துப் பார்த்தார், வரவில்லை. ஊர்க் கடைசியில், அரிசி ஆலையை ஒட்டிய மடத்தில் இருந்தார். திங்கட்கிழமைதோறும் தெய்வானை அங்கே போய் அவர் பேசுவதைக் கேட்பாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“சாமி, கடைக்கு ஒரு பேரு வேணும். நீங்க சொன்னா சரி.”

“என்ன கடை?”

“இட்லிக்கடை. நானும் என் நாத்தனா பொன்னுத்தாயும் சேர்ந்து போடுறோம். பலகைக்கு வெள்ளை அடிச்சாச்சு. எழுத வந்தவரு தினம் இட்லி சாப்பிட்டுட்டுப் போறாரு. எழுதத்தான் ஒண்ணும் இல்ல.”

“ஒரு பேரும் தோணலையா?”

“ரெண்டு தோணுது. அதான் வம்பு.”

தெய்வானைக்கு இறந்துபோன தன் கணவர் பெயர் வேண்டும். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை, வழக்கமில்லை. இப்போது சொல்லிக் கூப்பிட வீட்டில் யாருமில்லை. சாப்பிட வருகிறவர்களாவது சொல்லட்டும் என்று நினைத்தாள்.

பொன்னுத்தாய்க்கு அவர் கூடப் பிறந்த அண்ணன். ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

“‘வெந்நீர் வைக்கத் தெரியாதவன் பேருல இட்லிக்கடையா மதினி’ன்னு கேக்கா சாமி. அவ அம்மா பேரைத்தான் வைக்கணுமாம். முப்பிடாதி. எனக்கு மாமியா.”

“அவங்க இட்லி நல்லா இருக்குமா?”

தெய்வானைக்கு மடத்தில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

“இருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் அவுகதான் சொல்லிக்குடுத்தாக. ஆனா என் தட்டுல விழுந்தது எப்பவும் ஆறின இட்லி. அந்தப் பேரைத் தலைக்கு மேல மாட்டிட்டு நான் எப்படி சாமி நிப்பேன்?”



“பொன்னுத்தாய் இப்ப என்ன சொல்றாங்க?”

“பேச்சையே நிறுத்திட்டா. நேத்து கிரைண்டரைத் தூக்கி வண்டியில ஏத்திக் கொண்டு போயிட்டா. மாவுக்கு அவ கைதான் சாமி. அவ இல்லைன்னா கடையே இல்ல. கடை போனாப் போகுது… பக்கத்து வீடு. முப்பது வருஷமா ஒருத்தி குழம்பை ஒருத்தி ருசி பாக்காம நாங்க இறக்கினதில்ல.”

“எங்க வச்சு சண்டை போட்டீங்க?”

“கடை வாசல்லதான். கொஞ்சம் சத்தமா.”

குரு எழுந்து போய், வெளியே காத்திருந்த ஆட்டோக்காரர் சுடலைமுத்துவை உள்ளே அழைத்துவந்தார்.

“தம்பி, இந்த அம்மாவை எங்க ஏத்தினீங்க?”

“சண்டைக்காரி கடை வாசல்ல சாமி.”

சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பது யாரென்று அவருக்கு உறைத்தது.

“அக்கா, சத்தியமா நான் வைக்கல. தெருவே அப்படித்தான் சொல்லுது. சவாரிக்குக் கூப்பிடுறவங்களும் அப்படித்தான் அடையாளம் சொல்லுதாங்க.”

“ஏலே, கடை இன்னும் திறக்கவே இல்லையே!”

“அதான் அக்கா. திறந்த பிறகு இன்னும் நல்லா இருக்கும்னு பேசிக்கிடுதாங்க.”

சுடலைமுத்து விறுவிறுவென்று ஆட்டோவுக்குத் திரும்பினார்.

தெய்வானை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவுக பேரும் இல்ல, மாமியா பேரும் இல்ல. கடைசியில இந்தப் பேரா?” என்றாள். “நல்ல பெருசா எழுதி, லைட் போட்டு, பலகையை மாட்டிட்டா இது மறைஞ்சிருமா சாமி?”

“பலகையைப் பாத்தா தெரு பேர் வச்சது?”

“அப்ப அழிக்கவே முடியாதா?”

“முடியாதும்மா. பொய்யாக்கிடலாம்.”

தெய்வானை எழுந்து போய் ஆட்டோவில் ஏறி, பொன்னுத்தாய் வீட்டுக்கு விடச் சொன்னாள்.

பலகையில் இப்போது முப்பிடாதி இட்லிக்கடை என்று இருக்கிறது. தெரு மட்டும் இன்றுவரை சண்டைக்காரி கடை என்றே சொல்கிறது. ஏன் அப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், இட்லிக்கு நிற்கிறவர்கள் காரணம் தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.