அநியாயம் எத்தனை பலம்?

நெடுங்குளத்தை ஆண்ட உலகுடையானுக்குப் புதுச் சரக்கு என்றால் உயிர். அது குதிரையானாலும் சரி, கொள்கையானாலும் சரி. அப்படித்தான் வெளிதேசத்திலிருந்து வந்த அளவைப் பண்டிதர், ஒரே வாரத்தில் சபையில் முதல் ஆசனத்தைப் பிடித்துவிட்டார்.

“அளக்கலாம், நிறுக்கலாம் என்றால் அது மெய். மற்றதெல்லாம் வெறும் சத்தம்.” அவருடைய கொள்கை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள், வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் பூவாத்தா.

“மகாராசா, தளபதி என் கிணத்தை வேலி போட்டு வளைச்சுக்கிட்டாரு. அவர் குதிரை குளிக்குது, என் வெத்தலைக்கொடி காயுது. இது அநியாயம் சாமி!”

பண்டிதர் புன்னகைத்தார். “கிணறு இருக்கிறது, வேலி இருக்கிறது. அளந்து காட்டலாம். அநியாயம் எங்கே இருக்கிறது? அளந்தால் எத்தனை முழம்? நிறுத்தால் எத்தனை பலம்?”

“நெஞ்சு பத்தி எரியுது சாமி.”

“அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய சங்கதி.”

சபை சிரித்தது. அரசன் வழக்கைத் தள்ளினான். “அளக்க முடியாத எதையும் இனி இங்கே மெய் என்று பேசக்கூடாது. கல்லில் வெட்டுங்கள்!” என்று ஆணையும் போட்டான். பூவாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள்.

கல்தச்சனுக்கு ஓலை எழுதித் தர வேண்டியவன் அரண்மனை எழுத்தன் திருமேனி. மறுநாள் காலை அவன் ஒரு பொற்கொல்லன் தராசோடு சபைக்கு வந்தான். ஒரு தட்டில் ஓர் ஓலை. மறு தட்டில் இன்னொன்று.

“என்ன கூத்து இது?” என்றான் அரசன்.

“தங்கள் ஆணைதான் அரசே. எதையும் நிறுத்துத்தானே மெய் என்று சொல்ல வேண்டும்? அதனால் ஆணையையே முதலில் நிறுக்கிறேன். இந்த ஓலையில், ‘அளக்க முடியாதது மெய்யல்ல’ என்று பண்டிதர் வாக்கு. அந்த ஓலையில் அதற்கு நேர்மாறு. முள் நடுவில் நிற்கிறது பாருங்கள். எதை வெட்டச் சொல்லட்டும்?”

பண்டிதர் துள்ளி எழுந்தார். “மூடா! ஓலையின் எடையா முக்கியம்? பொருளைப் பார்! காரணம் கேள்! எது சரி என்று யோசித்து முடிவு செய்!”

“தராசு இல்லாமலா சுவாமி?”

“தராசு எதற்கு? புத்தி இருக்கிறதே!”

திருமேனி குனிந்து வணங்கினான். “அந்தப் புத்தியைக் கொண்டு பூவாத்தாவின் வழக்கையும் விசாரிக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.”

பண்டிதர் மறுபடி ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வேறு வழியின்றி அரசன் சபையில் இருந்த தளபதியைப் பார்த்தான். “அவள் கிணற்றை ஏன் எடுத்தாய்?”

“எனக்குத் தேவைப்பட்டது.”

“உன் கிணறு தேவை என்று வேறொருவன் வேலி போட்டால்?”

“அதெப்படி விடுவேன்?”

“பின்னே அவள் மட்டும் ஏன் விட வேண்டும்? காரணம் சொல்.”

பொழுது சாய்வதற்குள் வேலி பிடுங்கப்பட்டது. பூவாத்தா கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைத்தாள்.

அரசன் திருமேனிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். பிறகு தாழ்ந்த குரலில், “ஆனாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறதப்பா. அந்தப் பண்டிதர் பேச்சில் நான் எப்படி அவ்வளவு சுலபமாக மயங்கினேன்?” என்றான்.

“தளபதி ராணியம்மாவின் தம்பியல்லவா அரசே? அந்த உறவின் எடை மட்டும் தராசில் ஏற்றாமலே தங்களுக்குத் தெரிந்திருந்தது.”

அரசன் வாயிலிருந்த வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.