பதில் சொல்லாத பதினேழு பேர்

கல்குவாரியில் நூறு பேர் காதையும் சோதித்தேன் என்று அறிக்கை எழுதினாயே, டாக்டரே, என்ன லட்சணத்தில் சோதித்தாய்? மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாய். வந்த எண்பத்து மூன்று பேரிடம் "காது கேக்குதா?" என்றாய். கேக்குது என்றார்கள். வராத பதினேழு பேரை லிஸ்டில் அடித்துவிட்டு, "அனைவருக்கும் நன்றாகக் கேட்கிறது" என்று கையெழுத்துப் போட்டாய்.

அதை வைத்துத்தான், வெடிக்கு முன்னால் சிவப்புக் கொடி காட்டுகிற சுடலியை முதலாளி நிறுத்தினார். இனிமேல் அபாயச் சங்கு மட்டும் போதுமாம்.

"சங்கு கேக்காதவன் செத்துருவான் மொதலாளி," என்றாள் சுடலி.

"கேக்காதவன்னு இந்த லிஸ்டுல ஒருத்தனைக் காட்டுட்டி, கொடியைத் தாரேன். பன்னெண்டு மணிக்கு வெடி."

"லிஸ்டுல இருக்கவன் பூரா கூப்பிட்டதும் வந்தவன்லா? வராதவனைக் காட்டுதேன், பாருங்க."

பாறையில் மருந்து திணித்தாகிவிட்டது. மணி பதினொன்றுதான். சுடலி ஓடிப்போய்ச் சங்குப் பொத்தானை அமுக்கினாள். எண்பத்து மூன்று பேர் தலைதெறிக்க ஓடி மேட்டில் ஏறினார்கள். கீழே, அந்தப் பாறையடியில், பதினேழு சுத்தியல்கள் நிற்காமல் கல்லை உடைத்துக்கொண்டிருந்தன.

முதலாளி சுத்தியல் சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்த்தார். கொடியை நீட்டினார். "இன்னைக்கு மட்டுந்தான்ட்டி. ஆபீஸ் பேப்பர்ல எல்லாருக்கும் கேக்குதுன்னுதான் இருக்கு."

நாளைக்கும் பன்னிரண்டு மணிக்கு வெடி உண்டு. அதற்குள் வந்து சேர். குழிக்குள் இறங்கு. அந்தப் பதினேழு பேர் முகத்துக்கு நேரே நின்று கேள். உன் அறிக்கையை உன் கையாலேயே திருத்து!