பச்சைப் பலகையில் மூன்று குழிகள்

ரொம்ப ரொம்பக் காலம் முன்னாடி, காடும் மலையும் மனுஷரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், வெண்குன்று நாட்டில் செங்கமலம் என்று ஒருத்தி வாத்து மேய்த்து வந்தாள். தொலைந்த வாத்தைத் தேடி ஒரு மலைக்குகைக்குப் போன அவள் புருஷன் சேந்தன் திரும்பவே இல்லை. அவள் தேடிப் போனாள்.

குகைக்குள்ளே கோணத்தாடி மந்திரவாதி. அவன் முன்னால் கடல் தாண்டி வந்த பழைய கோல்ஃப் பலகை. பச்சைப் பலகையில் மூன்று குழி, நடுவே ஒரு குளம், மிளகளவு பந்துகள். தலையை அழுத்தினால் கோலால் பந்தை அடிக்கும் விரலளவு மரப்பொம்மைகள் இரண்டு. அதில் ஒன்று சேந்தன்! கண் மட்டும்தான் உயிரோடு உருண்டது.

"உன் புருஷன் தோத்தான், பொம்மையானான். பொழுது சாய்ஞ்சா கண்ணும் மரம்தான். ஆடி ஜெயிச்சு அவனை மீட்டுக்கிறியா? மூணு குழிக்கும் சேர்த்துக் குறைஞ்ச அடியில பந்தைக் குழியில போட்டவங்க ஜெயிச்சாங்க. சமமானா ஜெயம் எனக்கு!"

"ஆடுறேன். முதல்ல பலகையைத் துடைக்கணும். எத்தனை வருஷத்து அழுக்குய்யா இது!"

முந்தானையால் துடைத்தாள். ஓரத்தில் எழுத்து தெரிந்தது: 'மறைத்த அடி, மறைத்தவரையே கட்டும்.' படித்தாள். மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆட உட்கார்ந்தாள்.

முதல் குழி. "மெல்ல மாமா, மெல்ல" என்று சேந்தன் தலையை அழுத்தினாள். இருவருக்கும் சமம்.

இரண்டாம் குழி. "மெல்ல மாமா, மெல்ல." மந்திரவாதி மற்றப் பொம்மையின் தலையை ஓங்கி அழுத்தினான். பந்து குளத்தில் விழுந்தது! செங்கமலத்துக்கு ஓர் அடி லாபம்.

மூன்றாம் குழி. ஆளுக்கு இரண்டு அடி ஆயிற்று. குகை வாசலில் வெயில் ஒரு கோடாய் மெலிந்தது. செங்கமலம் குனிந்தாள். ஐயோ, வளையல் பந்தில் பட்டு அது ஓர் எள்ளளவு நகர்ந்துவிட்டது! மந்திரவாதி தாடியை நீவிக்கொண்டிருந்தான். பார்க்கவில்லை. சொன்னால் அந்த ஓர் அடி லாபமும் போய்விடுமே!

வளையலை மேலே தள்ளிக்கொண்டாள். "என் வளையல் பட்டிருச்சு. அதையும் ஓர் அடின்னு எண்ணுங்க."

"பைத்தியக்காரி!" அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மெல்ல மாமா, மெல்ல." பந்து குழியில் விழுந்தது. நான்கு அடி.

அவன் மூன்றாம் அடியிலேயே போட்டால் சமம், சேந்தன் மரம். அடித்தான். பந்து உருண்டது... உருண்டது... விளிம்பில் நின்றுவிட்டது! உடனே குனிவதுபோல் குனிந்து தாடி நுனியால் தள்ளினான்.

"மூணே அடி! ஜெயிச்சேன்!"

"தாடி அடிச்சதைச் சேர்த்தீங்களா?"

"எந்தத் தாடி?"

சொன்ன வாய் அப்படியே மரமானது. கை மரம், கால் மரம். டொக்கென்று பலகையில் விழுந்தான், விரலளவு! அங்கே சேந்தன் ஆளுயரம் எழுந்து நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"என்னடி, தலையில இந்த அழுத்து அழுத்துற?"

"மெல்லத்தானே மாமா அழுத்தினேன்? வாங்க, வாத்தெல்லாம் பட்டினி!"

பலகையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அந்த ஆட்டம் நடக்கும். வளையல் பட்டால்கூட, பட்டவரே "ஒண்ணு!" என்று கத்திவிடுவார். கோணத்தாடிப் பொம்மை மட்டும் பேசாமல் குழியை முறைத்துக்கொண்டு நிற்கும்.