முதலாளி கேட்ட காகிதம்

எட்டு வருஷம் அப்பளம் தேய்த்த ஒச்சம்மாளுக்கு வேலை போய்விட்டது. தொழிலாளர் அதிகாரி முன்னால் முதலாளி தனவேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போகாதே தாயின்னு கெஞ்சினேன் சார். அவளாத்தான் வேலையை விட்டா. நான் விரட்டினேன்னா அதுக்குக் காகிதம் காட்டச் சொல்லுங்க."

அவளிடம் ஏது காகிதம்? என்ன சொல்லப்போகிறாளோ என்று அதிகாரி பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"முதலாளி சொல்றது நெசந்தான்யா," என்றாள் ஒச்சம்மாள். "இம்புட்டுக் கெஞ்சின மனுசனை நோகடிக்கக் கூடாது. நாளைக்கே வேலைக்கு வந்துர்றேன்."

தனவேல் துள்ளி எழுந்தார். "நான் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினவளை நானே திரும்பச் சேர்ப்பேனா?"

அதிகாரி அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

"காகிதம் கேட்டாக," என்றாள் ஒச்சம்மாள். "அதை அவுகளுக்கே காட்டுங்கய்யா."